பாதிக்குப் பாதி

முதல் மூன்று கேலரிகளுக்கு வெறுங்கையோடுதான் போனேன்.
சுவரில் யார் யார் தொங்குகிறார்கள், விளக்கு எப்படி விழுகிறது,
சிவப்புப் புள்ளிகள் நிஜமாகவே விற்றவைதானா
என்று பார்த்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

நாலாவதில் படங்களைப் பிரித்தேன்.
சியூ பின் கேட்டாள்:
"பால்மரம் இல்லையா? வாளி, பனி, பால்வெட்டும் பெண்?"

இல்லை.
பத்தாங் பெர்ஜுந்தையில் நான் வரைவது
பெட்ரோல் ஸ்டேஷன் கழிப்பறைச் சாவி.
தொலையாமலிருக்க ஒரு முழக் கட்டையில் கட்டியது.
பன்னிரண்டு முறை வரைந்துவிட்டேன்.

ஏழாவதை விளக்கடிக்கு நகர்த்தினாள்.
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "பாதிக்குப் பாதி."

உரக்கடையில் பதினோரு வருஷம் கணக்கெழுதியவள் நான்.
சட்டம் யார் செலவு?
விற்காதது வீடு வர லோரிக் கூலி?
காசு எத்தனை நாளில்?
சிரித்துக்கொண்டே பென்சிலில் குறித்தாள்.
பேனாவை நீட்டினேன்.

திரும்பும்போது மடி காலி,
இஜோக்கில் மழை.
ஸ்டேஷனில் இறங்கிச் சாவி கேட்டேன்.
ஷொஹாக் எடுத்துக் கொடுத்தான்.

கட்டைக்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்,
யாரையும் கேட்காமல்.
இன்னும் கையில் ஒட்டியது.