ஜனவரிக் கணக்கு

முதலில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னாலுள்ள குளம்.
அதையும் எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.
கவிழ்ந்து கிடந்த தள்ளுவண்டியின்மேல்
ஒரு நாமக்கோழி
வாடகைக்கு வந்ததுபோல் உட்கார்ந்திருந்தது.

பௌக்யே வாரம் முழுக்கப் பேருந்து ஓட்டுபவள்.
ஏறுகிறவர்களை எண்ணி எண்ணி
ஒரு கூட்டத்தைச் சும்மா பார்க்கத் தெரியாது அவளுக்கு.
சனிக்கிழமையும் கட்டைவிரலுக்கடியில்
எண்ணும் பொத்தான். டிக். டிக்.
நாமக்கோழி ஐம்பத்திரண்டு என்றாள்.
நான் பார்க்கையில் நாற்பதுதான்.
மீதிப் பன்னிரண்டும்
எனக்கு நாமம் போட்டுவிட்டு முங்கியிருந்தன.

பச்சைத்தலை வாத்து நூற்றுப் பதினொன்று.
அவற்றினூடே ஒரு வெள்ளை வாத்து,
யார் வீட்டுக் கொட்டிலிலிருந்தோ தப்பியது,
கொழுத்த பின்புறத்தை ஆட்டிக்கொண்டு
தானும் காடுதான் என்று நீந்தியது.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

பத்து மணிக்கு வோர்க்கும் தாண்டி
கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் புல்வெளி.
அணைமேல் ஏறியதும் காற்று
தொப்பி, மூக்கு, பேச்சு
எல்லாவற்றையும் பிடுங்கியது.
தொலைநோக்கியின் முக்காலியை
முழங்காலால் கவ்விக்கொண்டேன்.
வாய்க்கால் நெடுக நாமத்தலை வாத்துகள்
விசிலடித்தபடி மேய்ந்தன
ஆடுகளோடு ஆடுகளாக.

உழுத வயலில் அன்னங்கள்.
பாலையும் நீரையும் பிரிக்கும் என்பார்களே,
இங்கே சேற்றிலிருந்து
எந்திரம் விட்டுப்போன சர்க்கரைக் கிழங்கைப்
பிரித்துக்கொண்டிருந்தன.
முகமெல்லாம் களிமண்.
"அழுக்கானாலும் அன்னம்" என்றேன்.
"பதினேழு" என்றாள் பௌக்யே.

டிராக்டரில் வந்த ஹெஸல்
இறங்காமலே கேட்டான்: எத்தனை?
அவன் புல்லைத்தான் தின்கின்றன
வெள்ளைக்கன்ன வாத்துகள்,
ரஷ்ய வடகோடியிலிருந்து
பந்திக்கு வந்தவைபோல.
எண்ணிக்கை ஏறினால்
அவனுடைய நஷ்டஈட்டுக் கடிதத்துக்கு வலு.
"பத்தாயிரம் போடு."
"எண்ணிவிட்டுப் போடுகிறேன்."
"போன வருஷமும் இதையேதான் சொன்னாய்"
என்று முறைத்துவிட்டு
பட்டாணி சூப் இருந்த ஃபிளாஸ்கை நீட்டினான்.

பத்துக்கு ஒரு டிக்.
நாலாயிரத்து நூற்றைம்பதில் இருந்தாள்,
விரித்த பாய்போல ஒரு கழுகு வந்தது.

வயலே எழுந்தது.
கறுப்பும் வெள்ளையுமாய்
நாய்க்குட்டிகள்போல் குரைத்துக்கொண்டு
எங்களைத் தாண்டி, எங்களுக்கு மேலே,
எங்களுக்குப் பின்னாலும்.
பௌக்யேவின் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.
ஹெஸல் எஞ்சினை அணைத்தான்.
மூன்று பேரும் வாய் பிளந்து நின்றோம்
அவன் தொப்பியில் எச்சம் விழும்வரை.

"இதையும் கணக்கில் சேர்" என்றான்.

இறங்கியவை மூன்று வயல்களாகப் பிரிந்து இறங்கின.
மறுபடி முதலிலிருந்து.
மூவாயிரத்து எண்ணூறு.
வாய்க்கால் கரையில், கோரைக்குள்,
பக்கத்துப் பண்ணையில் எங்கும் தேடினோம்.
குறைந்தவை எங்கே போயின என்று கழுகுக்கும் தெரியாது.
நாலரைக்கே வெளிச்சம் வடிந்தது.
இரண்டு எண்களையும் எழுதி
நடுவில் ஒரு கோடு போட்டாள்.
பென்சில் முனை உடைந்தது.

திரும்புகையில் ஊர்க் குளம்
ஓரத்தில் உறையத் தொடங்கியிருந்தது.
நடுவே வெள்ளை வாத்து
வட்டமடித்து வட்டமடித்து
ஒரு தட்டளவு நீரைத் திறந்து வைத்திருந்தது.
பௌக்யே காரை நிறுத்தவில்லை.
எண்ணும் பொத்தான் பின்சீட்டில், பைக்குள்.
ஸ்டீயரிங்கின்மேல் அவள் கட்டைவிரல்
ஒருமுறை அழுந்தியதைப் பார்த்தேன்.