இடது மரை

மூன்றாவது தடவை வந்து நிற்கிறது
போஜன் சாரின் வெள்ளை வண்டி,
அரவேணு வளைவில், என் பட்டறை வாசலில்.
பானட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது மேகம்.
"பெடல் கீழ போகுது" என்கிறார்.
அவ்வளவுதான்.
திட்டியிருந்தால் தேவலை.

முதல் தடவை மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன்.
ஒரு பச்சைக் கலர் பென்சில், வர்க்கித் தூள்,
சின்னவளின் ஒற்றைச் சாக்ஸ்.
இக்பாலை உள்ளே உட்காரவைத்து
மிதி, பிடி, விடாதே, இப்ப விடு என்று
நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தேன்.
குழாயில் குமிழி வந்ததா என்றால்
வந்த மாதிரி இருந்தது.
தேடுகிறவன் கண்ணுக்குக் குமிழி வரும்.

இரண்டாம் தடவை
மாஸ்டர் சிலிண்டர் மேல் பழி.
அது கெட்டிருந்தால், மிதித்துப் பிடிக்கும்போது
கால் மெல்ல இறங்க வேண்டும்.
இறங்கவில்லை.
ஆனாலும் கோயம்புத்தூரிலிருந்து புதுசு வரவழைத்தேன்,
பஸ்ஸில், கண்டக்டர் சீட்டுக்கு அடியில்.
நாலாயிரத்து எண்ணூறு.
எச்சில் தொட்டு எண்ணித் தந்தார்.

இன்று எதையும் கழற்றவில்லை.
ஸ்பேனர் இல்லாமல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன்.
ஒரு மிதி: பாதிக்கும் கீழே.
உடனே இன்னொன்று: உயரத்தில், கல் மாதிரி.
பஞ்சாக அமுங்கவில்லை, காற்று இல்லை அப்போ.
ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே எண்ணினேன்,
ஒன்பது, பத்து,
பதினொன்று.
இழுத்தது இழுத்தபடி இருக்க, மிதித்தேன்.
முதல் மிதியிலேயே மேலே நின்றது பெடல்.

கோளாறு பின்னால்.

டிரம்மைச் சுத்தியலால் தட்ட வேண்டியிருக்கவில்லை.
தொட்டதும் கையோடு வந்துவிட்டது.
வரக் கூடாது அப்படி.
லைனிங் புதுசாகத்தான் இருந்தது.
நடுவில், நட்சத்திரம் போலப் பல் வைத்த
அட்ஜஸ்டர் சக்கரத்தை
விரலால் ஒரு பல் நகர்த்தினேன்.
நீள வேண்டியது
குறுகியது.

வலது பக்கத்தில் இடது மரை.
இடது பக்கத்தில் வலது மரை.

ஐப்பசியில் குன்னூர் ரோட்டில் மண் சரிந்து
வண்டியெல்லாம் இந்தப் பக்கம் திரும்பிய வாரம்.
கரண்ட் இல்லை. வாசலில் ஏழு வண்டி.
இரண்டு பக்கத்து சாமானையும்
ஒரே மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டேன்.
ஒரு பக்கம் முடிச்சிட்டு மறுபக்கம் பிரிடா என்று
இக்பாலிடம் தினம் சொல்லும் நான்.

அதிலிருந்து இரண்டு மாதம்,
குஞ்சப்பனை இறக்கத்தில்
அவர் மிதித்து மிதித்து
லைனிங் டிரம்மிடமிருந்து
பல் பல்லாக விலகிக்கொண்டே போயிருக்கிறது.
பின் சீட்டில் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி
இரண்டு பிள்ளைகள்.

மரை கழண்டவன் என்று
எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்.

மாற்றிப் பூட்டினேன்.
டிரம்மைச் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் வரும்வரை
பல்லைத் திருப்பினேன்.
ஹேண்ட் பிரேக் ஆறாவது கிளிக்கில் பிடித்தது.
இக்பால் கை கழுவிக்கொண்டே இருந்தான்,
சோப்பு தீர்ந்த பிறகும்.

"என்னப்பா அது?"

சின்ன விஷயம் சார் என்பது
நாக்கு நுனி வரை வந்தது.
"நான்தான் மாத்திப் போட்டுட்டேன்.
ஐப்பசில."

பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்ப அந்த சிலிண்டர்?"
"தேவைப்படலை சார். காசு நாளைக்குத் தர்றேன்."
நாளைக்கு என்னிடம் அவ்வளவு இருக்காது,
இருவருக்குமே தெரியும்.

சாவியை வாங்கிக்கொண்டார்.
"ஏறு. குஞ்சப்பனை வரைக்கும் போய்ட்டு வரலாம்."
முன் கதவில் கை வைத்தேன்.
"பின்னாடி," என்றார்.

ஒற்றைச் சாக்ஸை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன்.
முதல் வளைவு வந்தது.
என் வலது கால்
இல்லாத பெடலை மிதித்தது.