எட்டா, பத்தா

ஈசூனில் மணி மூன்று பத்து.
"எந்த நிறத்துல போச்சு, ஐயா?"
"கோப்பி ஓ மாதிரி," என்றார் சௌரிமுத்து.
கொஞ்சம் யோசித்து,
"சீனி போடாதது."

இரும்புச்சத்து மாத்திரை தின்றாலும் கறுக்கும்.
இந்த வாடை இரும்புக்கு வராது.
திரைக்கு அப்பாலிருந்து நூராய்னி
மூக்கைச் சுளிக்காமல் தலையசைத்தாள்,
பதினோரு வருடம் இரவு வேலை பார்த்தவள்.
அதற்கு ஒன்று.

யூரியா பதினொன்று. நாலு போடு.
ஹீமோகுளோபின் பதினொன்று புள்ளி இரண்டு. மூன்று.
நாடி அறுபத்து நாலு, சுழியம்.
ரத்த அழுத்தம் நூற்றுப் பன்னிரண்டு, அதற்கும் சுழியம்.
ஆக எட்டு.
எட்டுக்கு வார்டில் படுக்கை உண்டு.
காலையில் குழாய் விட்டுப் பார்க்கலாம்.
வீட்டில் உறங்கும் நிபுணரை
எழுப்ப வேண்டியதில்லை.

நாடிக்கு இட்ட சுழியத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
படபடப்புக்கென்று தினம் ஒரு மாத்திரை விழுங்குகிறார்.
அது கடிவாளம்.
லாயமே பற்றி எரிந்தாலும்
குதிரை நடைதான் போடும்.
நூற்றுப் பன்னிரண்டு எனக்கு நல்ல எண்;
பாலிகிளினிக் அட்டையில் அவருக்கு
எப்போதும் நூற்று அறுபது.
எழுபத்தெட்டு வயதுக்கோ
இந்தப் பட்டியலில் கட்டமே கிடையாது.

"முழங்கால் வலிக்கு ஏதாச்சும்?"
சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம்.
ஜொகூரில் வாங்கியது, பெயரில்லை,
கறுப்பு உருண்டை ஏழு மிச்சம்.
உணவங்காடியில் தட்டு அள்ளுகிற வேலை,
உட்கார விடமாட்டார்கள் என்றார்.

"மயக்கம் வந்துச்சா?"
"இல்ல."
"விழுந்தீங்களா?"
"சேச்சே."

நரம்பு தேடி நூராய்னி கையைத் திருப்பினாள்.
முழங்கைக்குக் கீழே
கத்தரிக்காய் நிறத்தில் ரத்தக்கட்டு,
நடுவில் தரை ஓட்டின் கோடு
நேராக.

அவர் என்னைப் பார்க்கவில்லை.
"கழிவறையில. கொஞ்ச நேரம்தான்.
எவ்வளவுன்னு தெரியல.
சொன்னா படுக்க வச்சிருவீங்க.
ஆறு மணிக்குக் கடை திறந்திரும்,
எனக்கு மாத்தாள் இல்ல, டாக்டர்."

அதற்கு இரண்டு.

ரத்தம் இரண்டு பை கேட்டுவிட்டு
தொலைபேசியை எடுத்தேன்.
நான்காவது மணியில்
தலையணைக்குள்ளிருந்து ஒரு குரல்:
"ஸ்கோர் என்ன?"
"பத்து," என்றேன்.
அவர் பெருமூச்சு விடுமுன்
நூற்று அறுபதைச் சொன்னேன்,
கடிவாளத்தைச் சொன்னேன், தரை ஓட்டைச் சொன்னேன்.
மறுமுனையில் விளக்குப் போடும் சத்தம்.

திரைக்குப் பின்னால் சௌரிமுத்து
நூராய்னியின் கைப்பேசியைக் கேட்டு வாங்குகிறார்.
சூப்பர்வைசருக்குச் சொல்ல வேண்டுமாம்.
தினம் அழைக்கிற எண்தான்.
ஆறு இலக்கம் சொல்லிவிட்டார்.
நிற்கிறார்.
மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்.
இந்த முறை நாலு.