மடித்த துண்டு

ஒரே தலை. ஒரே இயந்திரம்.
மாக்டெபுர்க்கில் செவ்வாய்தோறும் காலை ஏழரைக்கு
கொண்டை ஊசியைக் கழற்றிவிட்டுப் படுக்கிறேன்.
அசையாதே என்கிறது ஒலிபெருக்கி.
உடனே மூக்கு அரிக்கிறது.

எனக்கு முன்பு இங்கே படுத்திருந்தது ஒரு பந்து,
உப்புநீர் நிறைத்த பிளாஸ்டிக் பந்து.
இந்தத் தொழிலில் அதற்கு ஆவி என்று பெயர்.
நினைக்க ஏதுமில்லாத அந்த ஆவியே
நேற்றைக்கும் இன்றைக்கும்
ஆயிரத்தில் மூன்று பங்கு மாறியிருந்தது.

என் வலது ஹிப்போகாம்பஸ்
போன வாரம் நாலாயிரத்து இருபது கன மில்லிமீட்டர்.
இந்த வாரம் எழுபது குறைவு.
எழுபது என்றால் மூன்று அரிசி.
ஏழு நாளில் எதை மறந்தேன்
என்று டிராமில் நின்றபடி யோசித்தேன்:
நீலநிறக் குடை. ஒரு தொலைபேசி எண்.

குடித்த தண்ணீரை எழுதினோம். தூங்கிய மணியை எழுதினோம்.
டிராம் அதிர்வுதான் என்றார் ஹென்னிங்;
தடம் பழுதுபார்த்த ஒன்பது இரவும் அளந்தோம்,
அரிசி அப்படியே இருந்தது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
எல்பே கரையில் நாங்கள்
அளவையே ஆற்றில் போட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அது ஒரு துண்டு.
கழுத்துக்கடியில் வைக்கிற வெள்ளைத் துண்டு.
வீப்கே இரண்டாக மடிப்பாள்,
ஹென்னிங் மூன்றாக.
விரற்கடை உயரம். மோவாய் கொஞ்சம் நிமிரும்.
இருவரும் அக்கறையாகத்தான் மடித்தார்கள்.

இப்போது துண்டு இல்லை.
அளந்து வெட்டிய ஸ்பாஞ்ச், தரையில் நாடா,
சுவரில் யார் கை என்று எழுத ஓர் அட்டை.
எழுபது, பதினொன்றாக இறங்கியது.
அந்தப் பதினொன்றை
இன்னும் யார் தலையிலும் கட்ட முடியவில்லை.

கேக் வெட்டினோம்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே
தொப்பியை மடியில் வைத்துக் காத்திருந்தார் லூடெக்கே.
எட்டாண்டாக எங்கள் ஆய்வுக்கு வருகிறவர்.
போன வருடக் கடிதத்தில் 'லேசான சுருக்கம்' என்று வாசித்து
அன்றிரவே கார் சாவியை
மகளிடம் கொடுத்துவிட்டவர்.

கோப்பைத் திறந்தேன். குறைந்தது அறுபத்தெட்டு.
தேதி இருந்தது, நேரம் இருந்தது,
காந்தத்தின் வெப்பம்கூட இருந்தது.
அன்று துண்டை மடித்தது யார்?

கையில் கேக்கோடு
வெகுநேரம் நின்றாள் வீப்கே.
நினைவில்லை என்றாள்.