கூட்டக் குறிப்பு

கென்டக்கி மலைச்சரிவில் ஒரு பள்ளி.
பிப்ரவரி. மேசையைச் சுற்றி எட்டுப் பேர்.
தட்டச்சு செய்வது மட்டும் என் வேலை.

நாளுக்கு ஒரு மணி நேரம்,
கொதிகலனுக்குப் பக்கத்து அறையில்
என்றார் மேற்பார்வையாளர்.
பொருத்தமான ஏற்பாடு என்று
பதியச் சொன்னார். பதிந்தேன்.

வெர்னா கோம்ப்ஸ் பேனாவைத் தொடவில்லை.
இரவுப்பணி முடித்து நேரே வந்திருந்தாள்,
மருத்துவமனைச் சலவைக்கூடத்து நெடி போகாத சட்டையோடு.
"தானம் வந்த மாட்டைப்
பல் பிடித்துப் பார்க்காதே என்கிறீர்களா?
இது தானமில்லை."
பிறகு ஒன்றும் பேசாமல்
படப்பலகையை மகன் பக்கம் திருப்பினாள்.

எம்மெட்டுக்கு ஒன்பது வயது.
விரல் ஒரு படத்தைத் தேடி அலைந்தது.
தவறியது. மறுபடி.
யாரோ இருமினார்கள்.
நான்கு நிமிடம்.

பேருந்து, என்றது பலகை
வேறு யாருடைய குரலிலோ.
பேருந்து. பேருந்து.

தினமும் ஏழு இருபதுக்கு
அவன் வாசலில்
வேகம் குறைக்காமல் போகிற மஞ்சள் வண்டி.

படிவத்தில் பெற்றோர் கருத்துக்குக் கட்டமுண்டு,
அலுவலர் கருத்துக்கும் உண்டு.
இதற்கு இல்லை.

'பொருத்தமான' என்பதை அழித்துவிட்டு
அங்கேயே அடித்தேன்,
மூன்று முறை.