வள்ளம் இரண்டு

பால் சொசைட்டி புதுக் கட்டடத்துக்குப் போனதும்
பழையதில் பல்லியும் பினாயில் வாசனையும் மிஞ்சின.
சாவி என்னிடம்.
ஞாயிறு தவறாமல் கூடினோம்.
கூலி கிடையாது, டீ உண்டு.
டீக்கும் கணக்கு எழுதினான் முனிரத்தினம்.

ஊர்ப் பொருளையெல்லாம் ஒரே இடத்தில் வைக்கலாம் என்று
தக்காளி மண்டி மைக்கில் சொன்னதுதான் தாமதம்,
எறிய மனமில்லாததெல்லாம் வந்து சேர்ந்தது.
ஓடாத கிரைண்டர். மூன்று கால் கட்டில்.
தலைவர் படம் போட்ட கடிகாரம், அதுவே நாலு.
வாங்குவதைவிடத் திருப்பி அனுப்புவது பெரிய பாடு.

வைத்துக்கொண்டது கொஞ்சம்தான்.
கவலையில் நீர் இறைத்த தோல்சால்,
காய்ந்து காதுமடல்போல் சுருண்டிருந்தது.
களத்தில் ராகித் தாளை மிதித்த கல்லுருளை,
அதற்கு எட்டு ஆளும் ஒரு டிராக்டரும்.
படியேற்றும்போது தொட்டப்பன் விரல் நசுங்கி
பாலக்கோடு ஆஸ்பத்திரியில் இரண்டு தையல்.
கட்டுப் போட்ட கையோடு வந்து வெள்ளையடித்தான்,
கட்டும் வெள்ளை, சுவரும் வெள்ளை.

அட்டை எழுதுவது என் வேலை.
ரேஷன் கடையில் பதினாறு வருஷம் எழுதிய கை.
பெயர், பயன், கொடுத்தவர்.
மூன்று வரிக்கு மேல் இடமில்லை.

நாற்பத்திரண்டாம் பொருள்
பெரிய வீட்டுப் பரணிலிருந்து ராஜகண்ணு இறக்கிக்கொண்டு வந்தது:
மர வள்ளம், ஒன்றல்ல, இரண்டு.
பித்தளைப் பூணைப் புளி போட்டுத் துலக்கியிருந்தான்.
நல்ல பையன். டியூப்லைட் அவன் செலவு.
நான் எழுதினேன்:
தானிய அளவைகள். முன்னோர் பயன்படுத்தியவை.

தரை கழுவிக்கொண்டிருந்த தீர்த்தம்மாள்
வாளியை வைத்துவிட்டு வந்தாள்.
“எதுக்கு ரெண்டு?”
ஜோடி, என்றான் முனிரத்தினம்.
“மாடுதான் ஜோடி.”

காட்சிக்கு வைத்த ராகி மூட்டையை அவிழ்த்தாள்.
ஒன்றில் மொண்டு தலைதட்டினாள்.
அதை மற்றதில் சாய்த்தாள்.
நிறைந்தது.
முதல் வள்ளத்தின் அடியில்
இன்னும் இரண்டு கை ராகி.

சுண்ணாம்பு மட்டை வாளியில் மிதந்தது.
யாருக்கும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.
எனக்கும்தான்.
தராசில் கட்டைவிரல் எத்தனை கிராம் என்று
எனக்குத் தெரியும்.

வெளியே ராஜகண்ணுவின் வண்டி கிளம்பும் சத்தம்.

மூன்று ஞாயிறு அவன் வரவில்லை.
நல்ல காரியத்தில் சண்டை எதற்கு, எடுத்துவிடலாம் என்றார்கள்.
ஒன்றை மட்டும் வைக்கலாமே என்றார்கள்.
“எதை?” என்றாள் தீர்த்தம்மாள்.
அதற்குப் பதில் வரவில்லை.
டீ வந்தது.

நான்காம் ஞாயிறு ஏணியோடு வந்தான்.
ஒருவரிடமும் பேசாமல் உடைந்த ஓடு ஏழு மாற்றினான்.
இறங்கும்போது என்னிடம் மட்டும்:
“என்ன வேணா எழுதுங்க.
கொடுத்தவர் பேரை அடிச்சிராதீங்க.”

அட்டையைத் திருப்பிப்போட்டு எழுதினேன்.
வள்ளம் இரண்டு.
ஒன்று வாங்க, ஒன்று கொடுக்க.
கொடுத்தவர்: பெரிய வீட்டு ராஜகண்ணு.

அந்த இரண்டு கை ராகியை
தீர்த்தம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு
பக்கத்திலேயே வைத்தாள்.
பதிவேட்டில் நாற்பத்து மூன்று.
கொடுத்தவர் என்ற கட்டத்தில்
யார் பெயரை எழுதுவது?
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகள் வந்தால்
உருளைமேல் ஏறுகிறார்கள், பாட்டிலைக் குலுக்குகிறார்கள்.
போன மாதம் வெளியூர் டீச்சர் ஒருவர் கேட்டார்,
வண்டு விழாதா, வருஷா வருஷம் மாற்றுவீர்களா என்று.

தீர்த்தம்மாள் மூடியை இன்னொரு திருகு திருகினாள்.
“அரிசின்னா விழும் டீச்சர்.
இது ராகி.
எத்தனை வருஷம் ஆனாலும்
அப்படியே இருக்கும்.”