மீதி எட்டு

லூப்ளினில் பிப்ரவரி. மூன்றரைக்கே விளக்கு.
மரத்தூள் கட்டி, நாற்பது மூட்டை என்கிறது ரசீது.
ஓரம் நனைந்த ஊதா முத்திரை,
அதற்குள் பத்து இலக்க வரி எண்.

எனக்குப் பென்சில்தான் வசதி.
ஆறால், ஐந்தால், ஏழால், இரண்டால்,
மூன்றால், நான்கால், மறுபடி ஐந்தால்,
ஆறால், ஏழால்
பெருக்கிக் கூட்டினால் நூற்றெண்பத்து நான்கு.
பதினொன்றால் வகுக்க மீதி எட்டு.
கடைசி இலக்கமும் எட்டு.
ஏழை ஒன்றாக யாரும் எழுதிவிடவில்லை.

இத்தோடு விடுகிறவர்கள் உண்டு.
நான் பதிவேட்டையும் தட்டிப் பார்ப்பவள்.
ஜெனோன் குரெக், மர அறுப்பு.
பதிவு நீக்கம்: அக்டோபர் பத்தொன்பது.
ரசீதின் தேதியோ போன செவ்வாய்.

தொலைபேசியில் ஒரு பெண்.
பின்னால் ரம்பம்; நிறுத்தச் சொல்லிக் கத்துகிறாள்.
"அவர் போய்ட்டாருங்க, அக்டோபர்ல.
மில்லு ஓடுது.
முத்திரையில மை மிச்சம் இருந்துச்சு."

போலி ரசீதுக்காரனுக்கென்று
கூர் தீட்டி வைத்திருந்த வாக்கியம்
தொண்டையிலேயே நின்றது.
இதைக் கணக்கில் ஏற்ற முடியாது என்றேன்.
உங்கள் பெயரில் பதிந்து, புது எண்ணோடு
புது ரசீது அனுப்புங்கள் என்றேன்.
மூட்டைகளில் பாதி எங்கள் கொதிகலனில்
எரிந்து முடிந்திருந்தது. அதைச் சொல்லவில்லை.

பெயர் கேட்டேன். மிரோஸ்வாவா.
எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.
வைக்கப் போகையில்,
"ஆனா எண் சரிதானே? அவர் எண்ணு?"

மறுபடி பெருக்கினேன், அவள் காத்திருக்க.
நூற்றெண்பத்து நான்கு.
"சரிதாங்க. ஒரு இலக்கம்கூடத் தப்பில்லை."